மொட்டை மாடியில் ஒரு சூரியப் பதிவேடு

ஓரியன் நெபுலாவை இன்று எடுத்த படத்தையும் பத்து ஆண்டுகள் கழித்து எடுக்கும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தெரியும் வேறுபாடு பெரும்பாலும் கருவியுடையதாகவே இருக்கும். சூரியனோ ஒரே வாரத்தில் முகம் மாறிவிடுகிறது. பெங்களூரின் இரவு வானம் தெருவிளக்குகளிடம் தோற்றுப் பல காலமாகிவிட்டது. பகல் வானத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அல்சூரிலோ விவேக்நகரிலோ ஒரு மொட்டை மாடியும், 80 மில்லிமீட்டர் தொலைநோக்கியும், முறையான ஃபில்டரும் இருந்தால் பயனுள்ள சூரியப் பதிவைத் தொடங்கிவிடலாம். தனியொரு படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சொல்லும் செய்தி குறைவு. ஒரே கருவியில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், நேரமும் திசையும் குறித்து எடுத்த படங்களின் வரிசையில்தான் சூரியனின் செயல்பாடு தெரியவரும்.

அந்த வரிசையில் முதலில் கண்ணில் படுபவை சூரியப் புள்ளிகள். சூரியனில் நம் கண்ணுக்குத் தெரியும் பரப்பான ஒளிமண்டலம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருக்க, பெரிய புள்ளியின் நடுப்பகுதி அதைவிட ஏறத்தாழ 2,000 டிகிரி குறைவாக இருக்கிறது. உள்ளிருந்து வெப்பத்தைச் சுமந்துகொண்டு மேலே கொதித்தெழும் வாயுவை அங்குள்ள வலிமையான காந்தப்புலம் தடுத்துவிடுவதே இதற்குக் காரணம். புள்ளி கறுப்பாகத் தெரிவது சுற்றியுள்ள வெளிச்சத்தோடு ஒப்பிடும்போது மட்டுமே. ஒரு பெரிய புள்ளியைத் தனியே எடுத்து இரவு வானில் வைக்க முடிந்தால் அது முழுநிலவையும் விஞ்சி ஒளிரும். புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை 1908-ல் அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் எல்லெரி ஹேல் நிறுவினார். கரிய நடுப்பகுதியைச் சூழ்ந்து, நல்ல படத்தில் மெல்லிய இழைகளாகத் தெரியும் சாம்பல் நிறப் புறநிழலில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை, மறு ஆண்டே கொடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தார். அந்த ஆய்வகத்தை இன்று நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரின் கோரமங்களாவில் இருக்கிறது. 1904 முதல் கொடைக்கானலில் சேர்ந்துவந்த சூரியப் படங்களை உலக ஆய்வாளர்கள் மதிப்பதற்குக் காரணம் அவற்றின் தொடர்ச்சி. அதே ஒழுங்கைச் சிறிய அளவில் நாமும் கடைப்பிடிக்கலாம்.

படமெடுக்கும் முன் பாதுகாப்பு. 80 மில்லிமீட்டர் வில்லை திரட்டும் சூரிய ஆற்றல் சுமார் 5 வாட். அரை மீட்டர் குவியத் தூரம் கொண்ட தொலைநோக்கியில் அது முழுவதும் 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த வட்டத்தில் குவிகிறது. கண் நோக்கும் பக்கத்தில் திருகிப் பொருத்தும் பழைய கண்ணாடி ஃபில்டர்கள் இந்த வெப்பத்தில் எந்த நொடியும் விரிசல் விடக்கூடும் என்பதால், அவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. ஃபில்டர் தொலைநோக்கியின் முன்வாயில் இருக்க வேண்டும். கண்ணால் பார்ப்பதற்கான தரமான படலம் ஒளியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். ஒவ்வொரு முறையும் படலத்தை வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காற்றில் பறக்காதபடி டேப் ஒட்டி, இலக்கைத் தேட உதவும் சிறு துணைத் தொலைநோக்கியான ஃபைண்டரையும் கழற்றிவிட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடியில் குழந்தைகள் சூழ்ந்துகொள்ளும்போது யாரும் கவனிக்காமல் விடுவது அந்த ஃபைண்டரைத்தான்.

அடுத்த எதிரி காற்று. கான்கிரீட் தளம் சூடேறத் தொடங்கியதும் அதிலிருந்து எழும் வெப்பக் காற்று படத்தைக் கலக்கிவிடுகிறது. ஆகையால் சூரியன் பக்கத்துக் கட்டடங்களுக்கு மேலே வந்த பிறகு, தளம் சூடேறுவதற்கு முன் கிடைக்கும் காலைப் பொழுதே சிறந்தது. சூரியப் பரப்பில் ஒரு வில்நொடி, அதாவது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு, என்பது சுமார் 725 கிலோமீட்டர். 80 மில்லிமீட்டர் தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கத்தின் கோட்பாட்டு எல்லை ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். ஒளிமண்டலத்தில் கொதித்தெழும் வாயுக் குமிழ்களின் அகலமும் கிட்டத்தட்ட அதுவே என்பதால், காற்று அசையாத நொடிகளில் மட்டும் அந்தச் சொரசொரப்பு எட்டிப்பார்க்கும்.

அந்த நொடிகளைப் பிடிப்பதற்காகவே ஒற்றைப் படத்துக்குப் பதில் வீடியோ எடுக்கிறார்கள். கறுப்பு வெள்ளைக் கேமராவில் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவிலான வெளிப்பாட்டில் சில ஆயிரம் சட்டகங்களைப் பதிந்து, ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருளைக் கொண்டு அவற்றில் தெளிவான ஐந்து அல்லது பத்து சதவீதத்தை மட்டும் தேர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இரைச்சல் குறைந்து, கூர்மையாக்கத்தைத் தாங்கும் படம் கிடைக்கும். கூர்மையாக்கும்போது அளவு மீறக் கூடாது. புறநிழலைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றினால் அது சூரியனில் இருப்பதன்று, மென்பொருள் வரைந்தது. சிறிய புள்ளி போலத் தெரிவது சென்சார் மீது ஒட்டிய தூசியாகவும் இருக்கலாம். கேமராவைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் திரையில் சூரியப் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து சுழலும், தூசி மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

எளிதாகத் தவறவிடப்படுவது திசை. தொலைநோக்கியைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்தினால் புள்ளிகள் நகரும் பக்கம் மேற்கு. அந்த நகர்வையும் சில நொடிகள் பதிந்துவைத்தால் பிற்பாடு எந்தப் படத்தையும் நேராக்கிக்கொள்ளலாம். வானத்தின் வடக்கும் சூரியனின் சுழல் அச்சும் ஆண்டின் பல நாட்களில் ஒத்துப்போவதில்லை. இரண்டுக்கும் இடையே 26 டிகிரி வரை வேறுபாடு வரும் என்பதால் அன்றைய கோணத்தை அட்டவணையில் பார்த்துக் கணக்கிட வேண்டும். பெங்களூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நின்று நிழலில்லா நாள் வரும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பும் சாதாரணத் தாங்கியில் அந்த நேரத்தில் படமெடுத்தால், உச்சியைக் கடக்கும் சில நிமிடங்களில் காட்சி பாதிச் சுற்று சுழன்றுவிடும்.

இதுவரை சொன்ன ஃபில்டர் காட்டும் வெள்ளொளியில் தெரியாத தீநாக்குகளையும் சுடர்வெடிப்புகளையும் காண ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கி தேவை. ஒளிமண்டலத்துக்கு மேலுள்ள மெல்லிய நிறமண்டலத்தில் ஹைட்ரஜன் 656.28 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உமிழ்வதும் உறிஞ்சுவதும் வலுவாக நிகழ்கிறது. சாதாரணச் சிவப்பு ஃபில்டர் அந்த ஒளியோடு கீழிருந்து வரும் ஒளிவெள்ளத்தையும் விட்டுவிடுவதால் பயனில்லை. எட்டலான் எனப்படும் உறுப்பில், ஒளியைப் பெரிதும் எதிரொளிக்கும் இரண்டு தட்டுகள் மிகத் துல்லியமான இணையாக வைக்கப்பட்டிருக்கும். இடையில் பலமுறை முன்னும் பின்னும் ஓடும் ஒளியில், அரை அலைநீளத்தின் முழு மடங்குகள் இடைவெளிக்குள் சரியாக அடங்கும் அலைகள் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டு வெளியேறுகின்றன, மற்றவை திருப்பி அனுப்பப்படுகின்றன. இப்படித் தப்பிவரும் பல குறுகிய பட்டைகளில் நமக்கு வேண்டிய ஒன்றை இன்னொரு ஃபில்டர் பொறுக்கித் தருகிறது. பொதுவான கருவிகளில் அந்தப் பட்டையின் அகலம் சுமார் 0.07 நானோமீட்டர்தான். காற்று இடைவெளி கொண்ட எட்டலானில் காற்றழுத்தமும் கணக்கில் வரும்: கடல்மட்டத்தைவிட 900 மீட்டருக்கு மேல் உயர்ந்த பெங்களூரில் அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவதால், சென்னையில் சரியாக இசைத்துவைத்த கருவியை இங்கே மீண்டும் இசைத்தாக வேண்டும். விலை உயர்ந்த பொருள் என்பதால், வெள்ளொளியில் ஓராண்டுப் பழக்கம் வந்த பிறகு அதை யோசிப்பதே சரி என்பது என் கருத்து.

பதிவேட்டை எண்ணாக்கும் முறையை 19-ஆம் நூற்றாண்டில் சுவிஸ் வானியலாளர் ருடால்ஃப் வுல்ஃப் வகுத்தார். புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மூன்று கூட்டங்களில் 14 புள்ளிகள் தெரிந்தால் அன்றைய எண் 44. கருவிக்கும் பார்ப்பவருக்கும் ஏற்ற திருத்தக் காரணி ஒன்று அதைப் பெருக்கும். பூமியிலிருந்து பார்க்கையில் சூரியன் சுமார் 27 நாட்களுக்கு ஒருமுறை சுற்றுவதால், கிழக்கு விளிம்பில் நுழையும் கூட்டம் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மேற்கில் மறையும். வலுவானதாயின் மீண்டும் திரும்பி வரும். 2024 மே மாதத்தில் வெடித்த, 3664 என எண்ணிடப்பட்ட கூட்டம், கிரகண கண்ணாடி அணிந்த வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு பெரியது; அது கிளப்பிய புவிகாந்தப் புயலின்போது லடாக்கின் ஹன்லேயிலிருந்த கேமராக்கள் செந்நிறத் துருவ ஒளியைப் பதிந்தன.

புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளில் பெருகிக் குறைவதைச் சூரியச் சுழற்சி என்பார்கள். 2019 டிசம்பரில் தொடங்கிய 25-ஆம் சுழற்சி 2024-ல் உச்சத்தைத் தொட்டது. ஒரு சுழற்சியின் தொடக்கத்தில் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி அளவுக்கு விலகித் தோன்றும் புள்ளிகள், ஆண்டுகள் செல்லச்செல்ல நடுக்கோட்டை நெருங்கி வருகின்றன. எனவே அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான கூட்டங்கள் நடுக்கோட்டை ஒட்டி இருக்கும்போது, எங்கோ உயர்ந்த அட்சரேகையில் ஒரு சின்னஞ்சிறு புள்ளி தோன்றி ஓரிரு நாளில் மறையக்கூடும். பழைய சுழற்சி முடியும் முன்பே அடுத்தது இப்படித்தான் தலைகாட்டும். அதன் காந்தமுனைகள் பழைய சுழற்சியின் புள்ளிகளுக்குத் தலைகீழாக இருக்கின்றனவா என்பதை ஆய்வகங்கள் உறுதிசெய்யும். அது உயர்ந்த அட்சரேகையில்தான் இருந்தது என்பதை, திசை சரியாகக் குறித்த மாடிப் படமே காட்டிவிடும்.