அணு உலையும் கடன் வட்டியும்

ஒரு கார்பன் அணு எரிந்தால் சுமார் 4 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கிடைக்கும். ஒரு யுரேனியம்-235 அணுக்கரு பிளந்தால் கிடைப்பது சுமார் 20 கோடி எலக்ட்ரான்வோல்ட். ஐந்து கோடி மடங்கு வித்தியாசம். 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று ஆண்டுக்கு 30 லட்சம் டன் அளவுக்கு நிலக்கரியை விழுங்குகிறது. அதே திறனுள்ள அணு உலைக்குச் செறிவூட்டிய, அதாவது யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டிய, யுரேனியம் 25 டன் அளவு இருந்தால் ஓர் ஆண்டு ஓடிவிடும்.

எதையும் எரிக்காததால் புகையும் கிடையாது. சுரங்கம், செறிவூட்டல், கட்டுமானம், கழிவு என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு யூனிட் அணுமின்சாரத்துக்கு ஏறத்தாழ 12 கிராம் கார்பன் டை ஆக்சைடுதான் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2014இல் மதிப்பிட்டது. காற்றாலைக்கும் கிட்டத்தட்ட இதே அளவு. நிலக்கரிக்கு 820 கிராம். சூரிய மின்சாரம் இவ்வளவு மலிந்த பிறகும் அணு எதற்கு என்று கேட்பது நியாயமே. பகலில் மிஞ்சுவதைச் சில மணி நேரம் பேட்டரியில் வைத்திருக்கலாம். ஆனால் நாள்கணக்கில் மேகம் மூடி, காற்றும் ஓய்ந்துவிட்டால், ஒரு நாடு முழுவதையும் பேட்டரியில் ஓட்டுவது இன்னும் எட்டாத செலவு. அமெரிக்காவின் அணு உலைகள் தம் முழுத் திறனில் 90 சதவீதத்துக்கு மேல் ஆண்டு முழுவதும் தந்துகொண்டிருக்கின்றன. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1974இல் முடிவெடுத்த பிரான்ஸ், அடுத்த சுமார் 15 ஆண்டுகளில் ஐம்பது உலைகள் அளவுக்குக் கட்டி, தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை அணுவுக்கு மாற்றியது. புதிய உலைகள் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்த அனுபவம்தான் முதல் ஆதாரம்.

பிறகு ஏன் கட்டுவதில்லை? மக்களின் அச்சம் என்பார்கள். அது உண்மையில் ஒரு பாதிதான். மறுபாதியைப் புரிந்துகொள்ள, உலையை நிறுத்திய பிறகு அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு பிளவில் வெளிப்படும் நியூட்ரான்கள் அடுத்த அணுக்கருக்களைப் பிளப்பதுதான் தொடர்வினை. கட்டுப்பாட்டுக் கோல்களை இறக்கினால் அவை நியூட்ரான்களை விழுங்கிவிடும். தொடர்வினை நொடிகளில் நின்றுபோகும். வெப்பம் மட்டும் நிற்காது. பிளவில் பிறந்த அயோடின், சீசியம் போன்ற துண்டுகள் நிலையற்றவை. அவை தாமாகச் சிதைந்துகொண்டே வெப்பத்தை வெளியிடும். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்பத் திறன் 3,000 மெகாவாட் அளவு. நிறுத்திய கணத்தில் அதில் ஆறேழு சதவீதம், அதாவது 200 மெகாவாட் வெப்பம், எஞ்சி நிற்கும். ஒரு நாள் கழித்து 15 மெகாவாட் அளவுக்கு இறங்கும். கேட்பதற்குச் சிறிதாகத் தெரியும் அந்த 15 மெகாவாட், மணிக்கு 20 டன்னுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்கும். எந்தக் கட்டளைக்கும் அடங்காத இந்த வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருப்பதுதான் அணு உலைப் பாதுகாப்பின் மையப் பிரச்சினை.

2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும், ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் முறைப்படி நின்றன. ஒரு மணி நேரத்துக்குள் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. பம்புகள் நின்றன, தண்ணீர் வற்றியது, மூன்றிலும் எரிபொருள் உருகியது. 1986இன் செர்னோபில் வேறு கதை. தண்ணீர் ஆவியாக ஆவியாகத் தொடர்வினை வேகமெடுக்கும் வடிவமைப்பு அது. இன்று பெரும்பாலான நாடுகள் கட்டும் நீர் உலைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு.

ஆகவே ஒரு பம்பு பழுதானால் இன்னொன்று, அதற்கும் தனி மின்வழி, தனி ஜெனரேட்டர், இடையே தீயும் வெள்ளமும் தாண்டாத சுவர், எல்லாவற்றையும் சூழ்ந்து தடித்த கான்கிரீட் காப்புக் கட்டடம் என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். ஒவ்வொரு பற்றவைப்பும் சோதிக்கப்பட்டு ஆவணமாக வேண்டும். ஏபி1000 போன்ற புதிய வடிவங்கள் காப்புக் கட்டடத்தின் உச்சியிலேயே நீர்த்தொட்டியை வைத்து, மின்சாரமோ மனிதக் கையோ இல்லாமல் 72 மணி நேரம் புவியீர்ப்பாலேயே குளிர்வித்துக்கொள்ளும். அருமையான பொறியியல். அதையும் குறையில்லாமல் கட்டியாக வேண்டுமே.

அங்கேதான் தடுக்கியது. ஃபின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ-3 உலையின் வேலை 2005இல் தொடங்கியது; 2009இல் முடிய வேண்டியது, 2023இல்தான் முழு உற்பத்திக்கு வந்தது. பிரான்ஸின் ஃப்ளமன்வில்-3க்கு முதலில் சொன்ன செலவு 330 கோடி யூரோ. அது 1,300 கோடியைத் தாண்டியது. காப்புக் கட்டடச் சுவர்களுக்கு இடையே போகும் நீராவிக் குழாய்களின் எட்டுப் பற்றவைப்புகளைத் திரும்பச் செய்யும்படி 2019இல் ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. இடம் எளிதில் கை நுழையாத இடம்; ஆண்டுகள் கரைந்தன. 2024 டிசம்பரில்தான் உலை மின்தொகுப்பில் இணைந்தது. அமெரிக்காவின் வோக்டில் நிலையத்தில் இரண்டு உலைகளுக்குச் சுமார் 1,400 கோடி டாலர் என்று தொடங்கியது, 3,000 கோடிக்கு மேல் போய் நின்றது.

இந்தத் தாமதத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கட்டுமானச் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20 வீதம் ஐந்தாண்டுகள், 8 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டினால், முடியும் நாளில் கடன் 117. அதே 100ஐப் பத்தாண்டுகளில் பரப்பினால் 145. பத்தாண்டுக்குப் பின், வேறு செலவே இல்லாமல், உலை திறக்காமல் இன்னும் ஐந்தாண்டு கிடந்தால் 213. ஒரு செங்கல்கூடக் கூடவில்லை. கடன் மட்டும் இரு மடங்குக்கு மேலாகிவிட்டது. எரிவாயு நிலையத்துக்கு முக்கியச் செலவு எரிபொருள். மின்சாரம் விற்கும்போதுதான் அதை வாங்குகிறோம். அணு உலைக்கோ முதல் யூனிட் மின்சாரம் வருமுன்பே பெருஞ்செலவு முடிந்துவிடுகிறது. யுரேனியம் விலை ஏறினாலும் மின்கட்டணம் அதிகம் அசையாது. வட்டி விகிதம் அசைந்தால் திட்டமே ஆட்டம் காணும்.

ஆகவே யார் கடன் வாங்குகிறார்கள் என்பது எந்த உலை என்பதற்கு இணையான முக்கியத்துவம் பெறுகிறது. அரசு குறைந்த வட்டியில் வாங்கினால் ஒரு விலை, தனியார் முதலீட்டாளர் இடர்ப்பாட்டுக்கும் சேர்த்து லாபம் கேட்டால் வேறு விலை. பிரிட்டன் தன் சைஸ்வெல் சி நிலையத்துக்கு, கட்டும் காலத்திலேயே மின்நுகர்வோரிடம் சிறு தொகை வசூலிக்கும் முறையைத் தேர்ந்திருக்கிறது. வட்டி குறையும், செலவு எகிறினால் சுமையும் அவர்கள் தலையில்தான். அந்த உண்மையை மறைக்காமல் மக்களிடம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்பது என் நிலை.

தாமதத்தைக் குறைக்க வழி உண்டா? ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்காவில் தென்கொரியர்கள் ஒரே வடிவத்தில் நான்கு உலைகளைக் கட்டினார்கள். தம் நாட்டில் ஏற்கெனவே கட்டத் தொடங்கியிருந்த வடிவம் அது. முதல் உலை அங்கேயும் தாமதமாகத்தான் வந்தது. இருந்தாலும் 2012இல் தொடங்கி 2024க்குள் நான்கும் ஓடத் தொடங்கி, அந்நாட்டின் மின்சாரத்தில் கால்பங்கைத் தருகின்றன. சீனாவில் பல உலைகள் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் முடிகின்றன. வெல்டரும் ஆய்வாளரும் கலையாமல் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குப் போகிறார்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் பல ஆண்டுகள் கட்டாமல் இருந்துவிட்டு, புது வடிவம் ஒன்றை, வரைபடம் முழுமையடையும் முன்பே தொடங்கின.

கழிவு பற்றி ஓயாமல் பேசுகிறார்கள். தொழில்நுட்பத்தில் அது இவ்வளவு கடினமான தடை என்று நான் நினைக்கவில்லை. ஃபின்லாந்து ஒன்கலோவில் 400 மீட்டருக்கும் ஆழத்தில், பழம்பாறைக்குள், செப்புக் கலன்களில் வைக்க இடம் குடைந்துவிட்டது. எந்த ஊர் அதற்குச் சம்மதிக்கும் என்பதுதான் மற்ற நாடுகளில் தீராத கேள்வி. செறிவூட்டல் கவலைக்குரியது: உலகத் திறனில் சுமார் 40 சதவீதம் ரஷ்யாவிடம் இருக்கிறது.

சிறிய உலைகளைத் தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து பொருத்தினால் இந்தச் சிக்கலெல்லாம் தீரும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. சிறிய உலையில் எஞ்சிய வெப்பமும் குறைவு, கடனும் குறைவு, திரும்பத் திரும்பச் செய்யும் வாய்ப்பும் அதிகம். ஆனால் அமெரிக்காவில் நியூஸ்கேல் நிறுவனத்தின் முதல் திட்டம், மதிப்பிட்ட மின்விலை ஏறி, வாங்கப் போதிய மின்வாரியங்கள் சேராமல், 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. விலை இறங்கத் தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலை எழ டஜன் கணக்கில் ஆர்டர் வேண்டும். விலை இறங்காமல் யாரும் ஆர்டர் தருவதில்லை. முதல் பத்து உலைகளையும் ஒரே வடிவத்தில் வாங்கிக்கொள்வதாக ஓர் அரசோ சில நாடுகள் சேர்ந்தோ கையெழுத்திட்டால்தான் இந்த முடிச்சு அவிழும்.