பம்புக்குப் பயம், செட் மாத்திரைக்கு நம்பிக்கை

போன வாரம் வந்த அம்மாவுக்கு 46 வயதுதான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது முதுகில் சுரீர் என்று வலித்திருக்கிறது. எக்ஸ்ரேயில் பார்த்தால் முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கிப்போயிருந்தது. முகம் உப்பி உருண்டிருந்தது. சர்க்கரை 380. பதினோரு ஆண்டுகளாக இளைப்பு இருப்பதாகச் சொன்னதால் எலும்பு மருத்துவர் என்னிடம் அனுப்பியிருந்தார்.

என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளே அட்டையும் பெயரும் இல்லாத மூன்று உதிரி மாத்திரைகள். மருந்துக் கடையில் "இளைப்புக்கு ஒரு செட்" என்று கேட்டு வாங்குவாராம். விசாரித்ததில் ஒன்று ஸ்டீராய்டு.

"இன்ஹேலர் பற்றி யாரும் சொல்லவில்லையா அம்மா?"

"சொன்னார்கள் டாக்டர். பம்பு அடித்துப் பழகிவிட்டால் அப்புறம் விடவே முடியாதாமே. அதுதான் வாங்கவில்லை."

இந்த மாதத்தில் இதே பதிலைக் கேட்பது இது நான்காவது முறை.

பம்பில் போதை தரும் பொருள் எதுவும் கிடையாது. அதை நிறுத்தியதும் இளைப்பு திரும்ப வந்தால், மூச்சுக்குழாயில் அழற்சி இன்னும் அடங்கவில்லை என்று பொருள். பதினோரு ஆண்டுகள் நாள் தவறாமல் விழுங்கிய மாத்திரையைப் பழக்கம் என்று அந்த அம்மா ஒருநாளும் நினைக்கவில்லை. கையில் தெரிகிற கருவிதான் பயமுறுத்துகிறது. "பம்பு கடைசிக் கட்டத்தில் கொடுப்பது" என்றும் சொல்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு அதுதான் முதல் மருந்து. அளவைப் பாருங்கள்: மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்துப் பம்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையில் 4 மில்லிகிராம், அதாவது நாற்பது மடங்கு. மாத்திரை வயிறு, இரத்தம் என்று உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்குப் போகிறது. கை நடுக்கமும் படபடப்பும் வேறு எப்படி வரும்? ஸ்டீராய்டு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் எலும்பு தேய்கிறது, சர்க்கரை ஏறுகிறது, கண்ணில் புரை விழுகிறது.

பம்பு வாங்குகிறவர்களும் உடனே மூச்சை விரித்துவிடும் நீலப் பம்பை மட்டும் வைத்துக்கொண்டு, தினமும் இழுக்க வேண்டிய தடுப்புப் பம்பை மூலையில் போட்டுவிடுகிறார்கள். தடுப்புப் பம்பில் இருப்பது நுண்ணளவு ஸ்டீராய்டு. அழற்சியைத் தணிப்பது அதுதான். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட முடிவை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்: முந்தைய ஓராண்டில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு தடுப்புப் பம்புக்கும் ஆஸ்துமா இறப்பு 21 சதவீதம் குறைந்திருந்தது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீலப் பம்பை மட்டும் கொடுத்துச் சிகிச்சை செய்யக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே 2019இல் மாறிவிட்டது. நம் வீடுகளில் இன்னும் மாறவில்லை.

பம்பை நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். பத்து விநாடி அடக்குங்கள். வாய்க்குள் சும்மா பீய்ச்சிவிட்டு "கேட்கவில்லை டாக்டர்" என்று சொல்லாதீர்கள். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஸ்பேசர், அதாவது பம்பின் வாயில் மாட்டி மூச்சிழுக்கும் குழாய், கட்டாயம் வேண்டும். தடுப்புப் பம்பு இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். மருத்துவரிடம் போகும்போது பம்பையும் கொண்டுபோய் அவர் எதிரிலேயே ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். பல ஆண்டுகளாகத் தவறாக இழுத்தவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

மருந்துக் கடை நண்பர்களே, சீட்டு இல்லாமல் இந்தச் செட்டைக் கொடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய், பல மாதங்களாகச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையை யாரும் நாளைக்கே நிறுத்திவிட வேண்டாம். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் வற்றிப்போயிருக்கும், திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த அம்மாவுக்குப் பம்பைத் தொடங்கியிருக்கிறேன். மாத்திரையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறோம். முழுவதும் நிறுத்த மாதக்கணக்காகும்.