குடி பிரிந்து வந்த தேனீக்கள்

சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தை ஒட்டி நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் தாழ்ந்த கிளையில், ஒரு காலையில் சிறு பலாக்காய் அளவில் பழுப்புத் திரள் ஒன்று தொங்கியது. நடைபாதையை மறித்து நாடா கட்டினார்கள். மறுநாள் பிற்பகலில் பார்த்தபோது கிளை வெறுமையாக இருந்தது. மக்கள் அஞ்சியது இயல்புதான். ஆனால் தேனீக்கள் மிகவும் சாதுவாக இருக்கும் வேளைகளுள் அதுவும் ஒன்று. காப்பதற்கு அவற்றிடம் அப்போது அடையும் இல்லை, புழுவும் இல்லை; புறப்படுமுன் குடித்து வந்த தேன் வயிற்றில் இருக்கிறது, அவ்வளவே.

ஒரு கூட்டின் தேனீக்களில் ஒரு பகுதி இப்படிப் பிரிந்து வேறு வீடு தேடிப் புறப்படுவதைத் தேனீ வளர்ப்போர் குடி பிரிதல் என்பார்கள். இங்கே பரவலாகக் காணப்படும் ஆசியத் தேனீ, மரப்பொந்து போன்ற இருண்ட இடங்களில் பல அடைகளை அடுத்தடுத்துக் கட்டி வாழ்கிறது. இராணி சுரக்கும் வாசனைப் பொருள், அவள் இருப்பதைக் குடும்பம் முழுவதற்கும் அறிவித்தபடி இருக்கும். குடும்பம் பெருத்துக் கூடு நெரிசலானதும் அது எல்லாருக்கும் போதிய அளவில் எட்டுவதில்லை. அந்நிலையில் பணித்தேனீக்கள் அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலை போன்ற வடிவில் இராணி அறைகளைக் கட்டி, அவற்றிலுள்ள புழுக்களுக்குக் கடைசிவரை, தாம் சுரக்கும் அரசக்கூழ் என்னும் ஊட்ட உணவையே ஊட்டுகின்றன. பணித்தேனீயாக வளர்ந்திருக்கக்கூடிய அதே முட்டை, இந்த ஊட்டத்தால் இராணியாகிறது. புதியவள் வெளிவருமுன்பே பழைய இராணி ஏறத்தாழப் பாதிக் குடும்பத்தோடு வெளியேறுகிறாள். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் வேறு வீடு தேடிப் போகும் வழக்கம் நம்மிடையே அரிது.

புது வீட்டை இராணி தேர்ந்தெடுப்பதில்லை. அனுபவமுள்ள சில நூறு தேனீக்கள் நாலாபுறமும் பறந்து பொந்து தேடுகின்றன. நல்ல இடம் கண்ட தேனீ திரும்பி வந்து, திரளின் மேலேயே வயிற்றை ஆட்டியபடி நேராக ஓடி, வளைந்து திரும்பி, மீண்டும் ஓடுகிறது. அந்த ஓட்டம் செங்குத்திலிருந்து சாயும் கோணம், சூரியனுக்கு எப்பக்கமாகப் பறக்க வேண்டும் என்பதையும், ஆட்டம் நீடிக்கும் நேரம் தொலைவையும் சொல்கின்றன. பூ இருக்கும் இடத்தைக் கூட்டுக்குள் அறிவிப்பதும் இதே நடனத்தால்தான். அதைப் படித்தறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973இல் நோபெல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர், 1949இல் மியூனிக் நகரில் ஒரு திரளைக் கவனித்தபோது, ஆடிய தேனீக்கள் சிலவற்றின் மீது மகரந்தத்துக்குப் பதிலாகக் கரியும் செங்கல் தூசியும் படிந்திருக்கக் கண்டார். போரில் இடிந்த நகரத்தின் புகைபோக்கிகளிலும் சுவர்களிலும் அவை வீடு பார்த்துவிட்டு வந்திருந்தன!

இடம் எவ்வளவு நல்லதோ அவ்வளவு நேரம் ஆட்டம் நீள்கிறது. அதைப் பார்த்த மற்றவை நேரில் போய்ச் சோதித்துவிட்டு வந்து தாமும் ஆடுகின்றன. போட்டி இடத்துக்காக ஆடுபவற்றைத் தலையால் முட்டி நிறுத்துவதும் உண்டு. ஏதேனும் ஓரிடத்தில் போதிய தேனீக்கள் ஒரே நேரத்தில் கூடியதும், அவை திரும்பி வந்து கீச்சொலி எழுப்ப, திரள் முழுதும் பறக்கும் தசைகளை ஏறத்தாழ 35 டிகிரி வரை சூடேற்றிக்கொண்டு கிளம்புகிறது. ஐரோப்பியத் தேனீயிடம் விரிவாக ஆராயப்பட்ட முறை இது.

இரு வாரம் கழித்து அடுத்த புளோக்கின் அருகே ஒரு மரப்பொந்தில் தேனீக்கள் போய்வரக் கண்டேன். அதே குடியாக இருக்கலாம். பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் பூசணியும் பாகலும் படர்ந்திருக்கின்றன. ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாகப் பூக்கும் இக்கொடிகளில், ஒட்டும் தன்மையுள்ள மகரந்தத்தைப் பூச்சிகள் சுமந்து சென்றால்தான் காய் பிடிக்கும். பொந்துக்குள் நுழைந்த தேனீக்களின் பின்னங்கால்களில் மஞ்சள் உருண்டைகள் ஒட்டியிருந்தன. மகரந்தம் புழுக்களை வளர்ப்பதற்கான உணவு. ஆகவே உள்ளே இராணி முட்டையிடத் தொடங்கியிருக்க வேண்டும்.