நாண் உரசாத கதகதப்பு

மார்கழி விடியலில் கானாடுகாத்தான் வீட்டு வளவில் வெறுங்காலோடு நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஒரு காலை ஆத்தங்குடிக் கல்லிலும் இன்னொரு காலைத் தேக்குப் பலகையிலும் வைத்தால், கல் சில்லென்று ஏறும், பலகை சும்மா இருக்கும். இரண்டும் ராத்திரி முழுக்க ஒரே கூரைக்குக் கீழே கிடந்தவை. வெப்பமானியை வைத்தால் ஒரே எண்தான் காட்டும். கல் நம் பாதத்துச் சூட்டை விறுவிறுவென்று வாங்கிக்கொள்கிறது, மரம் மெல்ல வாங்குகிறது. உடம்பு ‘குளிருது’ என்று சொல்வது இந்த வேகத்தைத்தான்.

போன தை மாதம் கல்யாணத்துக்கு வந்திருந்த சித்தப்பா மகனை இப்படித்தான் நிற்க வைத்தேன். அவன் பத்து வருஷமாக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறான். கூட வேலை செய்கிறவர்களோடு போய் வில்வேட்டை பழகியிருக்கிறான். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதில் வந்த திருத்தமும் வேட்டைக்கு அநேகமாகக் கதவைச் சாத்திவிட்டன. அங்கே செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை, உரிமம் எடுத்துக்கொண்டு வெண்வால் மானை வில்லால் வேட்டையாடலாம். மரத்தில் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் ஒரு பரண். அதில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மான் இருபது, முப்பது மீட்டருக்குள் வந்தால்தான் அம்பை விட முடியும்.

அவனுடைய குறையை அவன் வாயாலேயே சொல்கிறேன். “அண்ணே, மைனஸ் பத்துல மூணு மணி நேரம் உட்கார்ந்தேன். மெத்தை மாதிரி ஒரு ஜாக்கெட் போட்டிருந்தேன். மான் வந்துச்சு, இழுத்தேன், விட்டேன். நாண் ஜாக்கெட் கையில உரசி அம்பு மண்ணுல குத்திக்கிச்சு. சரின்னு அடுத்த வாரம் மெல்லிசா போட்டுட்டுப் போனா விரலு மரத்துப்போச்சு. என்னதான் பண்றது?”

வில்லை இழுத்து விடும்போது நாண் இடது முன்கைக்கு மிக நெருக்கமாகவும் மார்பை ஒட்டியும் பாய்கிறது. துணி அந்தப் பாதையில் துருத்திக்கொண்டிருந்தால் அம்பு திசை மாறும். ஆகவே அவனுக்கு வேண்டியது கனமில்லாத கதகதப்பு. கேட்க முரணாக இருக்கும். கதகதப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் முரண் கரைந்துவிடும்.

எங்கள் வீட்டுக் கூரையைப் பழுது பார்க்க ஒருமுறை ஓடு பிரித்தார்கள். சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணி. மேலே கிடந்த ஓட்டைத் தொட முடியவில்லை. அதை எடுத்தால் கீழே இன்னொரு ஓடு, அதற்கும் கீழே இன்னொன்று. அடுக்குக்கு அடுக்கு சூடு குறைந்துகொண்டே போய், அடியிலிருந்த தட்டோட்டில் உள்ளங்கையை நிம்மதியாக வைக்க முடிந்தது. வளைந்த ஓடுகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளிகள், ஒவ்வொன்றிலும் சிறைப்பட்ட காற்று. மண்ணும் வேலை செய்கிறது. ஆனால் இந்தச் சின்னச் சின்னக் காற்றறைகள் செய்யும் வேலை ரொம்பப் பெரிது. அசையாத காற்றைப்போல வெப்பத்தைக் கடத்தச் சோம்பல்படும் பொருள் அன்றாடம் நம் கைக்குக் கிடைப்பதில் வேறு இல்லை. தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கும் மேலாகக் கடத்தும்.

கம்பளியும் இறகும் பஞ்சும் செய்வது ஓட்டடுக்கின் வேலைதான், திசை மட்டும் மாறுகிறது. கூரை வெளிச்சூட்டை உள்ளே விடுவதில்லை, உடை உள்சூட்டை வெளியே விடுவதில்லை. இழை தானாகச் சூடு தருவதில்லை, காற்றை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது. இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் திறந்து கிடந்தால் உள்ளிருக்கும் காற்று சுழல ஆரம்பித்துச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தொளதொளவென்று பெரிய சட்டை போட்டால், குனிந்து நிமிரும்போதெல்லாம் கழுத்து வழியாகச் சூடான காற்று வெளியேறுவதும் உண்டு. மெல்லிய அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, நசுங்காமல் இருப்பது நல்லது. நசுங்கினால் காற்று போச்சு. பரணில் விழாமல் இருக்கக் கட்டும் பட்டை தோளை இறுக்கும் இடத்தில் எத்தனை விலை கொடுத்த ஜாக்கெட்டும் வெறும் துணிதான். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டுவதும் அதே தப்பு, ரத்த ஓட்டத்தையும் சேர்த்து நெரிக்கும்.

எவ்வளவு காற்று வேண்டும்? 1941-இல் கேக், பர்ட்டன், பேஸட் என்ற மூன்று ஆய்வாளர்கள் உடையின் கதகதப்பை அளக்க ‘க்ளோ’ என்று ஓர் அலகை வைத்தார்கள். 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் குளிராமலும் புழுங்காமலும் இருக்கப் போதுமான உடை ஒரு க்ளோ. ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அசையாத காற்றுக்குச் சமம். மைனஸ் பத்து டிகிரியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கணக்குப் போட்டால் ஐந்தரை க்ளோவுக்குப் பக்கத்தில் வருகிறது, அதாவது இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேலான சுத்தமான காற்று. நிஜத் துணியில் மூன்று, மூன்றரை ஆகும்.

அதே ஆள் அதே குளிரில் சுமையோடு காட்டுக்குள் விறுவிறுவென்று நடந்தால்? சும்மா இருக்கும் உடம்பு சுமார் 100 வாட் சூட்டை வெளியிடுகிறது, நம் பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. வேகமாக நடந்தால் அது மூன்று மடங்காகும். அப்போது இரண்டு க்ளோ கூட அதிகம். பரணுக்குத் தேவையான உடையைக் காரை விட்டு இறங்கும்போதே மாட்டிக்கொண்டால், நடக்கும் அரை மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டிவிடும். தம்பியிடம் கேட்டேன். “ஆமாண்ணே, பரணுக்குப் போய்ச் சேரும்போது பனியன் நனைஞ்சிருக்கும்” என்றான். அவனுடைய மூன்று மணி நேர நடுக்கத்துக்குக் காரணம் அந்த அரை மணி நேரம்தான் என்று நான் நினைக்கிறேன்.

மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையின் உடம்பில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வேர்வையில் நனைந்த பருத்திப் பனியனோடு உட்கார்ந்திருப்பவர் அந்தப் பானைதான். தோலில் 100 மில்லி வேர்வை காய வேண்டுமென்றால் சுமார் 240 கிலோஜூல் வெப்பம் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு 40 நிமிடம் பாடுபட்டுச் சேர்க்கும் சூடு அது. ஒரு காபி டம்ளர் அளவு வேர்வைக்கு இவ்வளவு விலை. போதாக்குறைக்கு, இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துவிட்டதால் கடத்தலும் கூடிவிடும். காரைக்குடி வெயிலில் கண்டாங்கிச் சேலை நம்மைக் காப்பாற்றுவது இந்தக் குணத்தால். பருத்தி ஈரத்தை ஆசையாக வாங்கும், லேசில் விடாது. ஊர் மாறினால் அந்தக் குணமே ஆபத்து.

அதனால் தோலை ஒட்டிப் போடும் முதல் அடுக்கில் பருத்தி கூடாது. பாலியஸ்டர் இழை தண்ணீரைக் கிட்டத்தட்டக் குடிப்பதே இல்லை. வேர்வை இழைகளின் மேலாகப் பரவி வெளி அடுக்குக்குப் போய்விடும். மெரினோ கம்பளியின் வழி வேறு. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை ஆவியாகவே இழைக்குள் வாங்கிக்கொண்டும், தொட்டால் நனைந்த மாதிரி இருக்காது. வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியிடும். இழை சுருள் சுருளாக இருப்பதால் நனைந்தாலும் படிந்துபோகாமல் காற்றறைகளைக் காப்பாற்றும். ஆயாவின் பெட்டகத்தில் ரங்கூனிலிருந்து வந்த ஒரு கம்பளி இருந்தது, சொரசொரவென்று குத்தும். மெரினோ ஆட்டின் முடி அதைவிட ரொம்ப மெல்லியது. தோலில் முட்டினால் குத்தாமல் வளைந்துகொடுக்கும். அதனால்தான் அதை வெற்றுடம்பில் போட முடிகிறது.

நடக்கும்போது இந்த முதல் அடுக்கும் மேலே ஒரு மெல்லிய சட்டையும் போதும், லேசாகக் குளிர வேண்டும். கனமானதெல்லாம் முதுகுப்பையில். பரணில் ஏறி, மூச்சு அடங்கி, வேர்வை காய்ந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம். பழகிய வேட்டைக்காரர்கள் செய்வது இதுதான். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

சரி, மூன்று சென்டிமீட்டரைக் கையில் சுற்றினால் நாண் உரசுமே? கையில் சுற்ற வேண்டியதில்லை. வயிறு ஒரு பருத்த உருளை, சுமார் 15 சென்டிமீட்டர் ஆரம் என்று வையுங்கள். அதன்மேல் 5 மில்லிமீட்டர் துணி சுற்றினால் குளிர்காற்று படும் வெளிப்பரப்பு 3 சதவீதம்தான் கூடும். விரலின் ஆரம் 8 மில்லிமீட்டர். அதே 5 மில்லிமீட்டரை விரலில் சுற்றினால் பரப்பு 60 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். கதகதப்பைச் சேர்க்கச் சேர்க்க, சூடு தப்பும் வாசலும் அகலமாகிறது. அதனால் தடித்த துணி விரலில் கொடுக்கும் பலன் குறைவு, வயிற்றிலும் முதுகிலும் கொடுக்கும் பலன் நிறைய.

விரலுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சூட்டை உண்டாக்கப் பெரிய தசை அதில் கிடையாது. ரத்தம் கொண்டுவரும் சூடுதான் கதி. நெஞ்சும் வயிறும் குளிர ஆரம்பித்தால் உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும், இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற. நடு உடம்பு கதகதவென்று இருந்தால் குழாய் திறந்தபடியே இருக்கும், ரத்தம் விரல்வரை போகும். ஆகவே விரல் மரத்துப்போகிறவர் முதலில் தேட வேண்டியது கையில்லாத கோட்டு. இறகோ பஞ்சோ அடைத்த ஒரு தடித்த கையில்லாக் கோட்டு, உள்ளே மெல்லிய கைகள். வில் பிடிக்கும் கை ஒல்லியாகவே இருக்கும். கோட்டின் மார்புப் பக்கம் மட்டும் உடம்போடு படிந்து இருக்க வேண்டும். கால்சட்டை எவ்வளவு தடியாக இருந்தாலும் நாணுக்குப் பிரச்சினை இல்லை.

கைக்கு மெல்லிய உறை. இடுப்பில் கட்டும் குழாய் மாதிரியான ஒரு பஞ்சுப்பை, இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொள்ள. பத்து விரலும் ஒரே அறையில் சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். மான் தெரிந்ததும் சத்தமில்லாமல் கையை உருவிக்கொள்ளலாம். வில்லின் நடுப்பகுதி பெரும்பாலும் அலுமினியம். ஆத்தங்குடிக் கல்லைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். பிடியில் கொஞ்சம் மரமோ ரப்பரோ சுற்றினால் உள்ளங்கை தப்பிக்கும்.

அந்தப் பைக்குள் போட ஒரு சூட்டுப் பொட்டலம் விற்கிறார்கள். பிரித்துக் காற்றில் காட்டினால் மணிக்கணக்கில் சூடாக இருக்கும். உள்ளே இரும்புத் தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். இரும்பு துருப்பிடிக்கும்போது வெளிவரும் சூடுதான் அது. ஜன்னல் கம்பியில் வருஷக்கணக்கில் நடப்பதைச் சில மணி நேரத்தில் நடத்திக்காட்டுகிறார்கள். நம் காரைக்குடி சிக்ரி மின்வேதியியல் ஆய்வகத்தில் உலோக அரிமானத்தைத் தடுக்க எத்தனையோ ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். அதே அரிமானம் இங்கே ஒருவன் விரலைக் காப்பாற்றுகிறது. இதற்கு ஆக்சிஜன் வேண்டும். இறுக்கி மூடிய ஷூவுக்குள் போட்டால் சீக்கிரம் அணைந்துவிடும்.

தலை வழியாகத்தான் உடம்புச் சூட்டில் பாதி போகிறது என்று ஒரு பேச்சு உலகமெங்கும் உண்டு. அது தப்பு. தலையின் பங்கு சுமார் பத்தில் ஒன்று, பரப்புக்கு ஏற்ற அளவு. குல்லாய் வேண்டும்தான், ஆனால் மெல்லியதே போதும். நாணை இழுத்த கை தாடையில் வந்து ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதிய வேண்டும். கழுத்தில் தடித்த மப்ளர் இருந்தால் அந்த இடம் மாறிப்போகும், குறியும் மாறும். உயரத்துப் பரணில் காற்று அதிகம். அது உடைக்குள் புகுந்து பிடித்து வைத்த காற்றையெல்லாம் கலைத்துவிடும் என்பதால் காற்றுப் புகாத ஓர் அடுக்கு அவசியம். ஆனால் நைலான் சரசரக்கும், மானுக்குக் காது கூர்மை. ஆகவே காற்றைத் தடுக்கும் படலம் உள்ளே, மெத்தென்ற சத்தமில்லாத துணி வெளியே.

தம்பி ஊருக்குக் கிளம்பும்போது ஆச்சி கொடுத்த சீடை, மணகோலத்தோடு ஒரு பொட்டலம் கோலமாவையும் பெட்டியில் வைத்தேன். எல்லா உடையையும் மாட்டிக்கொண்டு, நாணில் கோலமாவைத் தடவி, பின்கட்டில் வைத்திருக்கும் பயிற்சிக் குறியில் ஓர் அம்பு விடச் சொன்னேன். அம்பில்லாமல் நாணை விட்டால் வில் உடையும் என்று அவனே எனக்குச் சொன்னான். மறு வாரம் போனில் படம் வந்தது. இடது முன்கையில் முழங்கைக்குச் சற்றுக் கீழே வெள்ளையாக ஒரு கோடு, கோட்டின் மார்புப் பைமூடியில் இன்னொன்று. முன்கைக்கு ஒரு தோல் காப்பு கட்டினான். நாண் அடிபடாமல் வில்லாளிகள் கட்டும் இதற்குப் பழந்தமிழில் கோதை என்று பெயர். பைமூடியைக் கத்தரித்துத் தைத்தான். மூன்றாவது அம்புக்குத் துணியில் மாவு ஒட்டவில்லை.