நாலு பக்கமும் ஆள் நிற்கும் திரை

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுபடும்போது முதலில் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கரையே நிறைந்துவிடும். பொது இடத்துத் தொடுதிரைக்கும் இதே கதைதான். யாரும் தொடாத திரையை விளம்பரம் என்று நினைத்துச் சனம் தாண்டிப் போகும். ஒருவர் விரல் வைத்தால் மற்றவர்கள் நெருங்குவார்கள். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தேன்குடத்தை மொய்ப்பதற்கு ஒப்பிட்டது.

ஆள் சேர்ந்த பிறகுதான் சிக்கல். பெரிய திரைகள் பலவற்றில் விளிம்பிலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். விரல் மறைத்த இரண்டு கதிர்களும் வெட்டும் இடமே தொட்ட இடம். இரண்டு பேர் ஒன்றாகத் தொட்டால்? இரண்டு குறுக்கு, இரண்டு நெடுக்கு. அவை நாலு இடங்களில் வெட்டும். இரண்டு விரல், இரண்டு பேய்! கைத்தொலைபேசித் திரையில் இந்தப் பேய் இல்லை. கண்ணாடிக்குள் இருக்கும் மின்வலையின் ஒவ்வொரு முடிச்சையும் அது தனித்தனியாக அளக்கிறது.

அப்படி அளந்தாலும் அது யாருடைய விரல் என்று தெரியாது. மிட்சுபிஷி ஆய்வுகூடம் 2001இல் காட்டிய ‘டயமண்ட்டச்’ என்ற தொடுமேசை இதற்கு ஒரு வழி கண்டது. மேசையிலிருந்து கிளம்பும் மெல்லிய மின்சைகை, தொடுபவரின் உடல் வழியாக அவர் உட்கார்ந்திருக்கும் கதிரைக்கு இறங்கும். எந்தக் கதிரைக்குச் சைகை வருகிறதோ, விரல் அந்த ஆளுடையது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் காந்திப் பூங்காவுக்கு வருபவர் கதிரையில் இருந்தா திரையைத் தொடுவார்?

2007இல் ஹெல்சிங்கி நகரத் தெருவில் வைத்த ‘சிட்டிவோல்’ என்ற தொடுசுவரில் வேறு தலையிடி. ஒருவர் படத்தைப் பெருப்பித்தால் அது பக்கத்தில் நின்றவரின் படத்தை மூடியது.

நம் கரம் போட்டைப் பாருங்கள். ஆளுக்கொரு கோடு, நடுவில் எல்லாருக்கும் பொதுவான சிவப்புக் காய், பலகைக்குத் தலையும் இல்லை காலும் இல்லை. ஆனால் கரத்தில் முறை வைத்து அடிக்கிறோம். திரையில் எல்லாரும் ஒரே நேரத்தில் தொடுவார்கள். ஆகவே ஒருவரின் தொடுகை அவருடைய பக்கத்தை மட்டுமே மாற்ற வேண்டும்.

மட்டக்களப்பு வாவியின் வரைபடத்தை நாலு பக்கமும் ஆள் நிற்கும் ஒரு தொடுமேசையில் போடுவதென்றால் நான் முதலில் மொழிப் பொத்தானைத்தான் பார்ப்பேன். மூலையில் ஒன்றே ஒன்று இருந்தால், எதிரே நிற்பவர் சிங்களத்தைத் தொட்டதும் பாதி வாசித்த என் தமிழ் மறைந்துவிடும். நாலு பக்கத்துக்கும் நாலு பொத்தான் வேண்டும்.