லெகசி: முதுசொமாக வரும் நிரல்

உயிலில் ஒருவர் எழுதிவைத்துப் போகும் சொத்து என்பதே ஆங்கிலத்தில் 'லெகசி'க்குப் பழகிய பொருள். வேர் லத்தீன். 'லெகாரே' என்ற வினைக்குத் தூதனாக அனுப்புதல், உயில்வழி கொடுத்தல் என இரு பொருளும் உண்டு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது முதலில் குறித்தது தூதர் பதவியை, சொத்து அப்புறம்தான்.

மென்பொருளாளர் வாயில் 'லெகசி கோட்', அதாவது முன்பிருந்தவர்கள் விட்டுப்போன நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு), பாதி வசவு. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், எங்கே தொட்டால் எது உடையும் என்று தெரியாது, ஆனால் ஊர்ச் சம்பளமெல்லாம் அதில்தான் ஓடுகிறது. லெகசி நிரல் பற்றி நூல் எழுதிய மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-இல் வயதைத் தள்ளிவிட்டு வேறு அளவுகோல் வைத்தார்: சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை இல்லாத நிரலெல்லாம் லெகசிதான். நேற்று எழுதியதும் சேர்த்தி.

இதோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும்: சோதனை எந்தச் சூழலுக்கானது? 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதன்முறை கிளம்பிய ஏரியன் 5 ராக்கெட் சுமார் 40 விநாடியில் சிதறியது. அதன் திசைகாட்டும் கருவியில் இருந்தது ஏரியன் 4-இல் நன்றாக உழைத்த நிரல். புதிய ராக்கெட்டுக்குக் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் எண்ணை, அதைவிடச் சிறிய இடமுள்ள 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது மதிப்பு அடங்கவில்லை. அப்படி ஆபத்துள்ள மாறிகள் ஏழு என்று முன்பே கண்டிருந்தும் நான்குக்குத்தான் காப்பு போட்டார்கள். காரணம், கருவியின் கணினிக்கு 80 விழுக்காட்டுக்கு மேல் வேலைப்பளு கூடாது என்பது இலக்கு! மாற்றுக் கருவியிலும் அதே நிரல் என்பதால் இரண்டும் செயலிழந்தன. அந்த எண் மாற்றம் நடந்த கணக்கோ, ஏரியன் 5 தரையைவிட்டு எழும்பிய பிறகு தேவையே இல்லாதது. புதிய பறப்புப் பாதையின் தரவை ஊட்டி யாரும் அந்தக் கருவியைச் சோதிக்கவுமில்லை.

லெகசியைத் தமிழில் 'மரபு' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. உயர்ந்தோர் எப்படிச் சொன்னார்களோ 'அப்படிச் செப்புதல் மரபே' என்கிறது நன்னூல். ஏரியனில் செய்ததும் ஏறக்குறைய அதுதானே!

யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்தில் பொருத்தமான சொல் இருக்கிறது. முன்னோர்வழி வரும் சொத்து முதுசொம். மணவாழ்வில் ஈட்டியது தேடியதேட்டம். 'லெகசி கோட்' என்பதை 'முதுசொம் நிரல்' எனலாம். இச்சொல் பழகாதவர்கள் 'வழிவந்த நிரல்' என்று எழுதட்டும். 'பழைய நிரல்' மட்டும் சரிவராது. ஃபெதர்ஸ் கணக்கில் வயதுக்கு இடமில்லை.