கேஸ் குறைந்தால் ஏன் ஐஸ் கட்டுகிறது?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எங்கள் வீட்டு ஏ.சி.க்கு ஆண்டுதோறும் சித்திரை பிறந்தால் கேஸ் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஓட ஓட கேஸ் தீர்ந்துபோகும் என்கிறார் மெக்கானிக். இந்த ஆண்டு உள்ளே இருக்கும் காயிலில் ஐஸ் படிந்திருந்தது. அதற்கும் கேஸ் குறைவுதான் காரணமாம். கேஸ் குறைந்தால் குளிர்ச்சிதானே குறைய வேண்டும்? ஐஸ் எப்படி வரும்?”

முதல் விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். ஓடுவதால் கேஸ் தீராது. ஏ.சி.க்குள் அது எரிவதில்லை, வேறொன்றாக மாறுவதுமில்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் மாட்டும் 1.5 டன் ஏ.சி.யில் இருப்பது ஏறக்குறைய ஒரு கிலோதான். முழு வேகத்தில் ஓடும்போது அந்த ஒரு கிலோவும் ஒரு நிமிடத்துக்குள் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுகிறது. அளவு குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். வேறு காரணமே கிடையாது.

இரண்டாவது கேள்விதான் அருமையானது. அதை நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு திரவம் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பது அதன் மேலுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. உதகையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஏ.சி. முழுவதும் இந்த ஒரே விதியை வைத்து இயங்குகிறது. இப்போது பெரும்பாலான புது இயந்திரங்களில் இருக்கும் ஆர்-32 என்ற குளிர்பதனப் பொருளை (நாம் கேஸ் என்று சொல்வது இதைத்தான்) திறந்த வெளியில் விட்டால் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அதை வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஒன்பதரை மடங்கு அழுத்தத்தில் வைத்தால் கொதிநிலை 5 டிகிரி ஆகிவிடும். 28 மடங்குக்கு உயர்த்தினால் 46 டிகிரி. அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் கொதிநிலையை நாம் விரும்பும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

அறைக்குள் இருக்கும் காயிலில், அதாவது வளைந்து வளைந்து செல்லும் குழாயில், திரவம் 5 டிகிரியையொட்டிக் கொதிக்கிறது. கொதிக்க வெப்பம் வேண்டுமே! அதை அறையின் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆவியானதை கம்ப்ரசர் உறிஞ்சி, அழுத்தி, வெளியே இருக்கும் யூனிட்டுக்கு அனுப்புகிறது. அங்கே அழுத்தம் அதிகம், அதனால் கொதிநிலையும் அதிகம். சித்திரை வெயிலில் 40 டிகிரியில் இருக்கும் காற்றுகூட அதைக் குளிர்வித்துத் திரவமாக்கப் போதுமானது. ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவே துளையுள்ள கேபிலரி குழாய் வழியாகத் திரவம் நுழையும்போது அழுத்தம் சட்டென்று சரிகிறது. மறுபடியும் கொதிநிலை 5 டிகிரி. இவ்வளவுதான் சுற்று.

இனி கேஸ் பாதி கசிந்துவிட்டது என்று வையுங்கள். கேபிலரி வழியே வரும் திரவம் குறைகிறது. கம்ப்ரசரோ அதே வேகத்தில் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. வரவு குறைந்து, எடுப்பு குறையாவிட்டால் காயிலுக்குள் அழுத்தம் இறங்கத்தானே வேண்டும்? ஒன்பதரை மடங்காக இருந்தது ஆறு மடங்குக்கும் கீழே போகிறது. அழுத்தம் இறங்கினால் கொதிநிலையும் இறங்கும். 5 டிகிரியில் கொதித்த திரவம் இப்போது மைனஸ் 10 டிகிரியில் கொதிக்கிறது. திரவம் நுழையும் முதல் சில வளைவுகள் உறைநிலைக்குக் கீழே போய்விடுகின்றன. வழக்கமாகச் சொட்டுச் சொட்டாக வடிந்து குழாய் வழியே வெளியேறும் காற்றின் ஈரம், அந்த இடத்தில் வெண்ணிறப் பூச்சாக உறைகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது: அதே நேரத்தில் காயிலின் மற்ற வளைவுகள் வெதுவெதுப்பாக இருக்கும். இருந்த கொஞ்சம் திரவமும் முதல் வளைவுகளிலேயே கொதித்து முடிந்துவிட்டது. மீதி நீளத்தில் ஓடுவது வெறும் ஆவி. அதனால் பெரிதாக வெப்பத்தை வாங்க முடியாது. ஆக ஒரே காயிலில் ஒரு மூலை தேவைக்கு மேல் குளிர்கிறது, மற்றப் பகுதி வேலையே செய்யவில்லை. அறைக்குக் குளிர்ச்சி குறைவதும் ஐஸ் கட்டுவதும் முரண்பட்டவை அல்ல, இரண்டும் ஒரே குறையின் விளைவுகள். ஐஸ் தடித்தால் அந்த வழியில் காற்று போகாது. வெப்பம் கிடைக்காமல் அழுத்தம் இன்னும் இறங்கும். ஐஸ் அடுத்த வளைவுக்குத் தாவும். இந்த நிலையில் பலரும் ரிமோட்டில் 16 வைக்கிறார்கள். 16 வைத்தால் வேகமாகக் குளிரும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இன்வெர்ட்டர் அல்லாத சாதாரண ஏ.சி.யின் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். எண்ணைக் குறைப்பதால் அது நிற்காமல் ஓடும், கட்டிய ஐஸ் உருகவும் நேரம் கிடைக்காது.

ஐஸைப் பார்த்ததும் கேஸ் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஃபில்டரில் தூசி அடைத்திருந்தாலும் காயிலுக்கு வெப்பம் போதாமல் ஐஸ் வரும். ஆனால் அது பெரும்பாலும் காயில் முழுவதும் பரவலாகப் படியும். ஒரு ஓரத்தில் மட்டும் படிந்திருந்தால், வெளி யூனிட்டிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாயையும் பாருங்கள். நம் ஊர் ஸ்பிளிட் ஏ.சி.கள் பலவற்றில் கேபிலரி வெளி யூனிட்டிலேயே இருக்கிறது. அந்த மெல்லிய குழாயின் மேல் உறைபனி படிந்திருந்தால் கேஸ் குறைவு என்ற சந்தேகம் வலுக்கிறது.

கசிவு எங்கே? பெரும்பாலும் குழாயைத் திருகி இணைக்கும் ஃபிளேர் நட்டுகளில். அடுத்து, காயிலிலேயே. செம்பில் எறும்புப்புற்று அரிப்பு என்று ஒன்று உண்டு. காற்றில் கலந்துள்ள ஃபார்மிக், அசெட்டிக் போன்ற கரிம அமிலங்கள் ஈரத்தோடு சேர்ந்து, குழாயின் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாத கிளைச் சுரங்கங்களை அரித்துக்கொண்டே போகும். குழாயை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மையாகவே எறும்புப் புற்றின் வழிகள்தான். திறந்த சாக்கடைக்கு அருகில் ஹைட்ரஜன் சல்பைடும் செம்பைத் தின்னும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடுகிறது.

முறையான பழுதுபார்ப்பு இப்படி நடக்கும். நைட்ரஜனை உயர் அழுத்தத்தில் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கசிவை அடைத்தபின் வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். மேலே சொன்ன அதே விதி இங்கேயும் உதவுகிறது: அழுத்தத்தை வளிமண்டலத்தின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினால், 30 டிகிரியில் இருக்கும் ஈரம் சூடாக்காமலேயே கொதித்து வெளியேறும். கடைசியாக, யூனிட்டின் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் எடைக்கு கேஸைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும்.

இதைச் செய்யத் தெரியாத மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பம்ப், நைட்ரஜன் சிலிண்டர், தராசு எல்லாம் சொந்தப் பணத்தில் வாங்கி, மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அதற்கான கூலியைத் தர நாமும் தயாராக இல்லை. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை இலக்காக வைத்தது. நல்ல இலக்கு. புது இயந்திரங்களை உருவாக்கும் ஆய்வுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது இந்தக் கைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பேன். வளிமண்டலத்தில் கலந்த ஒரு கிலோ ஆர்-32, நூறு ஆண்டுக் கணக்கில் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. பழைய ஆர்-22 அதைவிட இரண்டரை மடங்கு மோசம். ஓசோன் படலத்தையும் அரிக்கும்.

உங்களுடையது ஆர்-22 இயந்திரமாக இருந்து காயிலே அரித்திருந்தால், மாற்றிவிடுவது நல்லது. அதில் ஆர்-32-ஐ ஏற்றச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். அதன் அழுத்தம் மிக அதிகம், ஓரளவு தீப்பற்றவும் கூடியது. பழைய இயந்திரம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. புது ஏ.சி. மாட்ட வருபவரிடம் வேக்குவம் பம்ப் இருக்கிறதா என்று முன்பே போனில் கேட்டுவிடுங்கள். அது இல்லாதவர்கள், வெளி யூனிட்டில் நிரப்பி வந்திருக்கும் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் குழாயிலுள்ள காற்றை ஊதித் தள்ளுவார்கள். அப்படிச் செய்தால் ஈரம் முழுதாகப் போகாது. கேஸும் முதல் நாளிலேயே கொஞ்சம் குறைந்துவிடும்.